வில்லோ தெருப் பள்ளியைக் காத்த ஒன்பது குடும்பங்கள்

செப்டம்பர் 3, புதன்

இந்த நோட்டு ஒரு போராட்டத்தின் ஆவணம். பிற்காலத்தில் யாராவது எல்டன்பரி ஊரின் வரலாற்றை எழுத வந்தால் ஆதாரம் வேண்டுமே என்று வைதேகிதான் யோசனை சொன்னார். ஆகவே இதில் சொந்தக் கதை வராது. மழை பெய்தது, மாவு புளிக்கவில்லை போன்ற சமாச்சாரங்களும் வராது.

நடந்தது இதுதான். எங்கள் நியூ ஜெர்சி ஊரில் நான்கு அரசு ஆரம்பப் பள்ளிகள். எங்கள் தெருவுக்கு உரியது வில்லோ தெருப் பள்ளி. என் மகள் நறுமுகை அங்கே மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நேற்றுப் பள்ளி திறந்தது, இன்று கல்வி வாரியத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. அக்டோபர் பதினைந்தாம் தேதி பிள்ளைகளை எண்ணுவார்களாம். இருநூற்று அறுபது பேர் இல்லையென்றால் அடுத்த ஜூனோடு பள்ளியை மூடிவிடுவார்களாம்.

பிள்ளைகள் குறையப்போவதற்குக் காரணம், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் வரப்போகும் பிரைட் லேடர் அகாடமி. அது சார்ட்டர் பள்ளி. பணம் அரசாங்கத்துடையது, நடத்துவது தனியார், சேர்க்கை குலுக்கலில். கட்டட அனுமதி தாமதமானதால் அக்டோபரில்தான் திறக்கிறார்கள். அமெரிக்கப் பள்ளிக் கல்வியைச் சீர்திருத்தப் போவதாக அவர்களுடைய இணையதளத்தில் நான்கு இடத்தில் எழுதியிருக்கிறது.

மாலை எங்கள் வீட்டு ஹாலில் 'வில்லோவைக் காப்போம்' கமிட்டி உருவானது. ஒன்பது குடும்பங்கள். ஏழு தமிழ், ஒன்று ஆந்திரா, ஒன்று டெப்ரா. தலைவர் நான். செயலாளர் வைதேகி, மயிலாப்பூர்க்காரர், மகனும் நறுமுகையும் ஒரே வகுப்பு. பதாகை, ஸ்டிக்கர், போக்குவரத்து எல்லாம் நாகர்கோவில் ஜெரால்டு. வெள்ளைக்காரர்களைத் திரட்டும் பொறுப்பு டெப்ராவுடையது. எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தேன்.

மாவு புளிக்கவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

நறுமுகையைக் கூப்பிடப் போனபோது மிஸ் பெட்ராக்கிஸைப் பார்த்தேன். வாசிப்பு ஆசிரியை. தினமும் நாற்பது நிமிடம் நறுமுகையும் இன்னும் மூன்று பிள்ளைகளும் அவருடைய சின்ன அறைக்குப் போகிறார்கள். இந்த நாட்டில் எல்லோரும் என் மகளை 'நாரு' என்று சுருக்கிவிட்டார்கள். இந்த அம்மாள் மட்டும் முதல் நாளே என்னை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு, வீட்டில் போய்ப் பழகி, மறுநாள் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டவர்.

அந்த அறைக்கு எதற்காகப் போகிறாள் என்று ஊருக்கெல்லாம் விளக்க வேண்டியதில்லை. எழுத்துகளோடு பழக அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான். என் கணவர் பூபதி ராத்திரிச் சாப்பாட்டின்போது டிஸ்லெக்ஸியா என்ற சொல்லைச் சொன்னார். "ரிப்போர்ட்லயே போட்டிருக்குது கோதை" என்றார். ரிப்போர்ட்டில் ஆயிரம் போடுவார்கள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் அப்படி ஒன்று கிடையாது.

செப்டம்பர் 9, செவ்வாய்

வாரியக் கூட்டம். ஆளுக்கு மூன்று நிமிடம்தான், அதற்கு மேல் மணியடிப்பார்கள்.

சீர்திருத்தக் கட்சியார் ஒருவர் எழுந்து, ஊருக்கு ஒரே பீட்சாக் கடை இருந்தால் பீட்சா எப்படி இருக்கும் என்று கேட்டார். பள்ளிக்கூடம் பீட்சாக் கடை இல்லை என்றார் டெப்ரா. அடுத்த இருபது நிமிடம் இரண்டு தரப்பும் பீட்சாவைப் பற்றியே பேசின. ஆசிரியர் சங்கத்துக்காரர் 'குழந்தைகள்' என்று ஆரம்பித்து 'ஓய்வூதியம்' என்று முடித்தார். சீர்திருத்தத் தரப்பில் இன்னொருவர் மதிப்பெண் வரைபடம் காட்டினார். அதில் எது மேலே போகிறது, எது கீழே போகிறது என்று கடைசிவரை தெரியவில்லை.

நம் ஆட்கள் சபையில் திணறக்கூடாது என்று நானே ஓர் உரை எழுதி, நகல் எடுத்துக் கொடுத்திருந்தேன். "பொதுப்பள்ளி ஜனநாயகத்தின் தொட்டில், எல்லாக் குழந்தைகளும் நம் குழந்தைகள்" என்று முடியும். எட்டுப் பேர் வரிசையாக அதையே வாசித்தார்கள். அவரவருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்ல மறந்துவிட்டேன். ஜெரால்டு கணீரென்ற குரலில் "ஒரு பெண் குழந்தையின் தாயாக நான் கேட்கிறேன்" என்று ஆரம்பித்தார். வாரியத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

மொத்தத்தில் வெற்றி.

செப்டம்பர் 14, ஞாயிறு

ராசிபுரத்துக்குப் பேசினேன். நான் கமிட்டித் தலைவர் என்றதும் அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தில் மாவட்டப் பொறுப்பில் இருந்தவர். "கவர்மென்ட்டு ஸ்கூலுக்காவ நானு எத்தன மறியல் பண்ணியிருப்பன் தெரியுமா" என்றார். தெரியும். காலையில் என்னை இங்கிலீஷ் மீடியம் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, அங்கிருந்து நேராக மறியலுக்குப் போவார். வேன் ஜன்னலிலிருந்து கொடியைப் பார்த்துக் கையாட்டியிருக்கிறேன்.

"பாப்பா எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்குது?" என்று கேட்டார்.

"இந்தப் பள்ளிக்கூடத்துலதானுங்கப்பா. இதுக்குத்தான் போராட்டமே."

அப்பா தொண்டையைச் செருமினார். பிறகு, "அதயும் யோசிச்சுப் பண்ணு கண்ணு" என்றார்.

செப்டம்பர் 18, வியாழன்

தபாலில் பிரைட் லேடரின் வண்ணத் துண்டறிக்கை வந்தது. ஏணியில் பிள்ளைகள் ஏறுகிறார்கள், எல்லோருக்கும் பல் வரிசை. எதிர்த்தரப்பு என்ன பொய் சொல்கிறது என்று தெரிய வேண்டுமே என்பதற்காக எடுத்து வைத்திருக்கிறேன். 'ஒரே ஆண்டில் வாசிப்பில் இரண்டு வகுப்பு முன்னேற்றம்' என்று போட்டிருக்கிறது.

விண்ணப்பப் படிவத்தில் என்னென்ன கேட்கிறார்கள் என்று பார்த்தேன். பார்க்க வேண்டுமென்றால் பெயர், பிறந்த தேதி எல்லாம் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கிறது. கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க 'சமர்ப்பி' என்பதையும் அழுத்த வேண்டியிருந்தது.

செப்டம்பர் 25, வியாழன்

வைதேகி வீட்டுக் கொலு. ஒன்பது படி. வெற்றிலை பாக்கு வாங்கும்போது வைதேகி கேட்டார்: "கோதை, நறுமுகை இப்போ எந்த லெவல் வாசிக்கறா? எங்காத்துல இவன் 'எஸ்' வந்துட்டான். மிஸ் சொன்னா, அஞ்சாங் கிளாஸ் லெவலாம்."

வில்லோவில் புத்தகங்களை ஏ-யிலிருந்து இசட் வரை தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் இருக்கிறது என்று வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. ஊரில் எல்லாத் தமிழ்த் தாய்மார்களுக்கும் எல்லாப் பிள்ளைகளின் எழுத்தும் தெரியும். ஒன்றைத் தவிர.

"இவளும் அங்கதான் இருக்கிறாளுங்க, பக்கத்துல" என்றேன். நறுமுகை 'எஃப்'. ஆங்கில அகராதியில் எஃப்புக்கும் எஸ்ஸுக்கும் நடுவில் எத்தனை பக்கம் இருக்கும் என்று அங்கே நின்றபடியே யோசித்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கொலுவைப் பார்க்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

டெப்ராவும் புடவை கட்டி வந்திருந்தார். நவராத்திரி முடிந்து வரும் விஜயதசமியன்று பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தால் படிப்பு நன்றாக வரும் என்று வைதேகி அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். டெப்ரா தேதியைப் போனில் குறித்துக்கொண்டார். நம் பண்பாட்டின்மேல் அவருக்கு எப்போதும் மரியாதை.

செப்டம்பர் 27, சனி

குலுக்கலில் நறுமுகைக்கு இடம் கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் எந்த நாளிலும் நேரில் வந்து கையெழுத்துப் போடலாம் என்று மின்னஞ்சல்.

பூபதியிடம் காட்டினேன். அவர் பின்பக்கம் இலை வாரிக்கொண்டிருந்தார்.

"நீ அந்தக் கமிட்டிக்கு லீடர் இல்லையா?"

"ஆமாங்க. அதுக்கும் இதுக்கும் என்ன? ஒரு பிள்ளை போறதுனால பள்ளிக்கூடம் சாய்ஞ்சிருமா? மத்தவங்க எட்டு வீடும் அங்கதான இருக்குது."

"மிஸ் பெட்ராக்கிஸ்கிட்ட அம்மிணி நல்லாப் பழகிட்டு வருதே, கோதை."

"எஃப்ல இருந்து ஜி-க்கு வர ஒரு வருசம். இப்படியே போனா காலேஜுக்கு எப்பங்க போறது?"

அவர் இலை வாருவதைத் தொடர்ந்தார். அவர் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது பன்னிரண்டு வருடப் பழக்கம்.

நான் தப்பு எதுவும் செய்யவில்லை. கொள்கை என்பது ஊருக்கு. நறுமுகை என் பிள்ளை.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. யூதர்களின் பண்டிகை என்பதால் வில்லோவுக்கு விடுமுறை. ஒன்றரை மணிக்கு ராகுகாலம். அதற்குமுன் கையெழுத்தை முடித்துவிட வேண்டும் என்று பத்தரைக்கே கிளம்பினேன். காரில் 'வில்லோவைக் காப்போம்' ஸ்டிக்கர் இருந்ததால் இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்தேன்.

வரவேற்பறைக் கதவைத் திறந்தால், முதல் நாற்காலியில் பட்டுப்புடவையில் வைதேகி. மகன் நெற்றியில் திருமண், கையில் பென்சில் டப்பா.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். "சும்மா உள்ள என்ன பண்றான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

"நானும் அதுக்குத்தானுங்க" என்றேன்.

அவருக்குப் பின்வரிசையில் எங்கள் கமிட்டியின் இன்னும் நான்கு தமிழ்க் குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. எல்லோரும் குளித்து, சாமி கும்பிட்டு, நல்ல நேரம் பார்த்து வந்திருந்தார்கள். ஆந்திரக் குடும்பம் தேங்காய் பழத்தட்டோடு வந்திருந்தது. கையெழுத்துப் போட வாரத்தில் ஐந்து நாள் கொடுத்திருக்கிறான் பாவி. சொல்லிவைத்தாற்போல எல்லோரும் ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டோம். ஒரு மூலையில் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாக டெப்ரா. அவருக்கு விஜயதசமியைச் சொல்லிக்கொடுத்த வைதேகி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கடைசியில் ஜெரால்டு வந்தார். எங்களைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்து, கதவு இழுக்கிற கதவா தள்ளுகிற கதவா என்று தெரியாமல் நின்றுவிட்டார். "இன்னைக்கு உங்களுக்கெல்லாம் பூசையிருக்கும், ஒருத்தரும் வரமாட்டியன்னு நெனச்சேன் கேட்டியளா" என்றார். அந்த அறையில் உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான்.

பள்ளியின் தலைவர் மிஸ்டர் பிரைஸ் வந்தார். முப்பது வயது இருக்காது. முன்பு ஷாம்பூ கம்பெனியில் இருந்தாராம். இங்கே பிள்ளைகளுக்குப் பெயர் 'ஸ்காலர்'. தாழ்வாரத்தில் தரையில் கோடு போட்டிருக்கிறது, அதன்மேல்தான் நடக்க வேண்டும். சாப்பிடும்போது பேசக்கூடாது. வைதேகி என் காதில், "டிசிப்ளின் நன்னா இருக்கும் போலிருக்கே" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. நான் படித்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியிலும் அப்படித்தான் இருந்தது.

கமிட்டியின் அவசரக் கூட்டம் பிரைட் லேடரின் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. ஏகமனதாக எடுத்த முடிவுகள்: இது சேர்க்கை இல்லை, பார்வையிடுதல், உள்ளே இருந்து பார்த்தால்தான் எதிர்க்க முடியும், வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம். 'பார்வையாளர்கள்' என்று ஒரு வாட்ஸ்ஆப் குழு தொடங்கினோம். பிரைட் லேடருக்குப் பேருந்து கிடையாது என்பதால் ஐந்தே நிமிடத்தில் முறைபோட்டுக் கார் ஏற்பாடு தயாராகிவிட்டது. கமிட்டி ஆரம்பித்த நாளிலிருந்து இவ்வளவு ஒற்றுமையாக ஒரு வேலையும் நடந்ததில்லை. ஒன்பது வீட்டிலிருந்து மொத்தம் பதினோரு பிள்ளைகள்.

அக்டோபர் 3, வெள்ளி

வில்லோ அலுவலகத்தில் பெயர் நீக்கும் படிவம். எழுத்தர் மிஸஸ் ஆர்டிஸ் 'காரணம்' என்ற கட்டத்தைப் பேனாவால் காட்டினார். 'வீடு மாறுகிறோம்' என்பதை டிக் செய்தேன். அதற்கு முந்தைய படிவங்களிலும் அதே கட்டத்தில்தான் டிக் இருந்தது. மிஸஸ் ஆர்டிஸ் என் படிவத்தையும் அவற்றின்மேல் வைத்தார்.

மிஸ் பெட்ராக்கிஸ் ஓர் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். நறுமுகைக்கு எந்தெந்த எழுத்து குழம்புகிறது, எப்படிச் சொன்னால் பிடித்துக்கொள்கிறாள், எப்போது சோர்ந்துபோகிறாள் என்று பன்னிரண்டு பக்கம் கையால் எழுதியிருக்கிறார். "புது ஆசிரியரிடம் கொடுங்கள். அவள் ரொம்பக் கிட்டத்தில் வந்துவிட்டாள்" என்றார். எதற்குக் கிட்டத்தில் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

காலையில் பிள்ளைகளைப் பிரைட் லேடரில் இறக்கிவிட்டு, எட்டே முக்காலுக்கெல்லாம் வில்லோ முச்சந்தியில் பதாகையோடு நின்றோம். ஜெரால்டு ஒரு நல்ல வேலை செய்தார். ஸ்டிக்கர்களை உரித்துவிட்டு, காந்தம் வைத்த பலகைகள் செய்து வந்துவிட்டார். அங்கே போகும்போது டிக்கியில், இங்கே வரும்போது கதவில். இஞ்சினியர் மூளை.

போகிற கார்கள் எல்லாம் ஆதரவாக ஹாரன் அடித்தன. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் படம் எடுத்தார்.

நறுமுகைக்கு வயிற்றுவலி.

அக்டோபர் 9, வியாழன்

வயிற்றுவலி. மோர் கொடுத்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

வயிற்றுவலி இல்லை, ஆனால் காலையில் காரிலிருந்து இறங்கமாட்டேன் என்று சீட்டு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு ஸ்காலருக்கும் சட்டையில் நூறு புள்ளி அட்டை; கோட்டைத் தாண்டினால், பேசினால், வாசிக்கும்போது திக்கினால் கழிப்பார்கள். நறுமுகையிடம் பதினேழு இருக்கிறது. "அம்மா, ஸீரோ வந்துட்டா என்னைய எங்க அனுப்புவாங்க?" என்று கேட்டாள். சும்மா கேட்டாள் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டு பக்க உறையை அங்கே கொடுத்தேன். கணினியில் ஏற்றுகிற படிவமாக இருந்தால்தான் எடுத்துக்கொள்வோம் என்றார்கள்.

அக்டோபர் 15, புதன்

இன்று எண்ணிக்கை நாள். காலை முழுவதும் முச்சந்தியில் கோஷம். தொண்டை கட்டிவிட்டது.

அக்டோபர் 21, செவ்வாய்

வாரியக் கூட்டம். ஊர்ப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் டாக்டர் ஹாலண்ட் ஒற்றைத் தாளைப் பார்த்து வாசித்தார். வில்லோ தெருப் பள்ளி, பதினைந்தாம் தேதிக் கணக்குப்படி, இருநூற்று ஐம்பத்து மூன்று பேர். ஏழு பேர் குறைவு. தீர்மானம் நிறைவேறியது. வரும் ஜூனில் மூடுகிறார்கள். வாசிப்பு அறை உட்பட ஆறு பணியிடங்கள் ரத்து.

எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். ஆளுநரை, சட்டமன்றத்தை, பணக்கார அறக்கட்டளைகளை, பொதுப்பள்ளியை நம்பாத பெற்றோரை எல்லாம் ஒரு பிடி பிடித்தேன். கைதட்டல் அடங்கவே நேரம் ஆனது. வைதேகி கண்ணைத் துடைத்துக்கொண்டார். டெப்ரா என்னைக் கட்டிப்பிடித்தார்.

திரும்பி வரும்போது பூபதி கார் ஓட்டிக்கொண்டே, "இருநூத்தி அம்பத்தி மூணோட பதினொண்ணக் கூட்டிப் பாரு" என்றார்.

கூட்டவில்லை. சிக்னலில் பச்சை விழுந்தும் அவர் கிளம்பவில்லை, பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் பள்ளி முழுக்கக் கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கியவள்.

நவம்பர் 3, திங்கள்

மிஸ்டர் பிரைஸ் கூப்பிட்டு அனுப்பினார். மிக இனிமையாகப் பேசினார். நறுமுகை அருமையான ஸ்காலராம். ஆனால் அவர்களுடைய 'மாடலுக்கு' அவள் பொருத்தமாக இல்லையாம். வசந்தகாலத்தில் பள்ளிக்கே மதிப்பெண் போடும் அரசுத் தேர்வு வருகிறதாம். அவளுக்கு வேறோர் இடம் இன்னும் சந்தோஷமாக இருக்கும் என்பது அவருடைய தாழ்மையான கருத்து. நாங்களாகவே விலகிக்கொண்டதாக எழுதிக் கொடுத்தால் எல்லோருக்கும் நல்லது என்று தாளையும் எடுத்து வைத்திருந்தார்.

"வேற பிள்ளைகளுக்கும் இப்படிச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

மற்ற ஸ்காலர்களைப் பற்றிப் பேச விதியில் இடமில்லை என்றார். வைதேகியின் மகன் வாசலில் 'மாதத்தின் ஸ்காலர்' என்ற படத்தில் சிரித்துக்கொண்டிருந்தான்.

காரில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதேன். இது போராட்டத்தின் ஆவணம்தான். இருந்தாலும் எழுதுகிறேன்.

நவம்பர் 5, புதன்

வில்லோ அலுவலகம். மிஸஸ் ஆர்டிஸ் நிமிர்ந்து பார்த்தார். "வீடு மாறிவிட்டதா?"

"மாறிவிட்டு, திரும்பி வந்துவிட்டோம்" என்றேன். முகவரிச் சான்றாகக் கொடுத்த மின்கட்டண ரசீதில் அதே வீடு, அதே எண். அவர் அதைப் படித்தார். பிறகு முத்திரை குத்தினார்.

"கேள்வி எதுவும் இல்லையா?"

"யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வோம். இது அரசுப் பள்ளி" என்றார். குரலில் பெருமையும் இல்லை, குத்தலும் இல்லை. தினமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம் அது. ஜனநாயகத்தின் தொட்டில் என்று நான் எழுதிய உரையில் இது இல்லை.

நறுமுகை எனக்குக் கையாட்டக்கூட இல்லை. தாழ்வாரத்தில் ஓடினாள். ஓடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கடைசி அறைக் கதவு திறந்தது. முழுப் பெயரையும் சொல்லி யாரோ கூப்பிடுவது கேட்டது.

இப்போது ஒரு பிள்ளை கூடியிருக்கிறதே, எண்ணிக்கையைத் திருத்தலாமா என்று கேட்டேன். கணக்கு முடிந்துவிட்டது என்றார் மிஸஸ் ஆர்டிஸ்.

ஜனவரி 22, வியாழன்

'ஹெச்'. கேசரி கிளறினேன். யாருக்கும் சொல்லவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

நறுமுகை மளிகைக்கடையில் பருப்புப் பொட்டலத்தின் முதுகை நின்று வாசித்தாள். பின்னால் வரிசை நின்றது. நான் அவளை நகரச் சொல்லவில்லை.

ஜூன் 17, புதன்

வில்லோவின் கடைசி நாள். மைதானத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். நவம்பரில் மேயர் தேர்தல் வருகிறது, ஆகவே மேயரே வந்திருந்தார். 'வில்லோவைக் காப்போம்' கமிட்டிக்கு ஊர்ச் சபை சார்பில் பாராட்டுப் பத்திரம். மேயர் அலுவலகத்தில் யாரும் பள்ளி அலுவலகத்தைக் கேட்டுவிட்டு அச்சடித்ததாகத் தெரியவில்லை. பத்திரிகையில் வந்த முச்சந்திப் படத்தை வைத்து எழுதியிருப்பார்கள். கமிட்டியார் எல்லோரும் வந்திருந்தார்கள், பிரைட் லேடரில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு. மேடையில் ஒன்பது குடும்பத்தையும் வரிசையாக நிற்க வைத்தார்கள். ஜெரால்டு குனிந்து ஷூ லேஸைக் கட்டினார், பிறகு அவிழ்த்துக் கட்டினார்.

பத்திரத்தை ஒரு மாணவி வாசித்தால் நன்றாக இருக்கும் என்று மேயர் சொன்னார். தலைமையாசிரியர் திரும்பி மிஸ் பெட்ராக்கிஸைப் பார்த்தார். அவர் நறுமுகையின் தோளைத் தொட்டார். அவள் அந்தத் தாளை முன்பின் பார்த்ததில்லை. முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் மைக் அவள் கைக்குப் போய்விட்டது.

வாசித்தாள். மெதுவாகத்தான். வரிக்கு அடியில் விரல் வைக்கவில்லை. ஓர் இடத்தில் நின்றாள், உதட்டை அசைத்துப் பார்த்தாள், தாண்டிப் போனாள். "மற்றவர்கள் விட்டுப் போனபோதும் கடைசிவரை இந்தப் பள்ளியை விட்டுப் போகாமல் நின்ற ஒன்பது குடும்பங்களுக்கு" என்ற கடைசி வரியை ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள். பூபதி கீழே எழுந்து நின்றுவிட்டார்.

எல்லோரும் தட்டத் தொடங்கினார்கள். அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, மைக்கிலேயே, தமிழில் கேட்டாள்: "அம்மா, நாம போயிட்டோமே? வைதேகி ஆன்ட்டி, ஜெரால்டு அங்கிள் எல்லாருமே போனாங்களே?"

மேடையில் இருந்த தமிழர்கள் ஒருவரும் அசையவில்லை. கீழே இருந்த அமெரிக்கர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். மேயர் பூரித்துப்போய், குழந்தை தாய்மொழியில் என்ன சொல்கிறது என்று என்னிடம் கேட்டார். மிஸ் பெட்ராக்கிஸும் என்னைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவருடைய அறையிலிருந்து அக்டோபரில் யார் போனார்கள், நவம்பரில் யார் வந்தார்கள் என்பது தெரியும்.

"எல்லோருக்கும் நன்றி என்கிறாள்" என்றேன்.

மறுபடி கைதட்டல். நறுமுகை அது அடங்கும்வரை பொறுமையாக நின்றாள். அப்படிப் பொறுத்திருக்க அந்தச் சின்ன அறையில்தான் பழக்கியிருந்தார்கள். பிறகு ஆங்கிலத்தில், வாசித்த அதே நிதானத்தில் சொன்னாள்: "நான் அதைச் சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் போய்விட்டோம் என்று சொன்னேன். நான் மட்டும்தான் திரும்பி வந்தேன்."

அவள் மைக்கை மிஸ் பெட்ராக்கிஸிடம் கொடுத்துவிட்டு அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

கூசிப்போனேன். முந்நூறு பேர் முன்னால் என் மானம் போயிற்று. அதே நேரத்தில் என் பிள்ளை வாசித்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் கண்ணீர் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. எதற்கு அழுகிறேன் என்று கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது. மேடையைக் கடந்து மிஸ் பெட்ராக்கிஸிடம் போனேன்.

அவர்தான் முதலில் பேசினார். "அவள் இப்போது 'கே'. செப்டம்பரில் அவளைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள். குறிப்பு எழுதித் தருகிறேன்."

யாரென்று எனக்குத் தெரியவில்லை. செப்டம்பரில் நறுமுகை போகவிருக்கும் அரசுப் பள்ளியில் வாசிப்பு அறை இல்லை. அதற்கு ஆள் போட வேண்டுமானால் எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்று விசாரித்தேன். பதினொன்று என்றார்கள்.